தலைமன்னார் சுங்கத்தில் ஒரு டப்பா புற்றுமண்

சென்ற மாசி மாதம் இலங்கைக்குப் போய்வந்தேன். அறுபத்தேழு வயதில் எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என்னைப் போல் முதன்முறையாகப் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று என் மருமகன் வற்புறுத்தியதால் எழுதுகிறேன். தகவல்களில் பிழை இருக்கலாம். விதிகள் நான் திரும்பி வருவதற்குள்ளேயே மாறியிருக்கவும் கூடும். ஆகவே ஒரு முறைக்கு இரு முறை விசாரித்துக்கொள்ளவும்.

போனதன் காரணம் என் தங்கை கோமு. கொழும்பு புறக்கோட்டையில் மைத்துனருக்குப் பலசரக்கு மொத்தக் கடை. அவளைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக அவளுக்கு இரண்டு காலிலும் படை. வைத்தியம் பார்த்து அலுத்துப்போய், "வேறொன்றும் வேண்டாம், நம் கோயில் புற்றுமண் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தாள். எங்கள் சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். உடம்பில் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள்.

நான் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுப் பார்சலில் மண் அனுப்பக் கூடாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது என் தங்கைக்கு என்றால் மட்டும் போகுமா? பார்சலில் போகாததை ஆள் கையில் கொண்டுபோகலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. போனால் அவளையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பத் துணிந்தேன்.

முதலில் பாஸ்போர்ட். விண்ணப்பத்தோடு புகைப்படங்கள், வயதுச் சான்று, நம்மைத் தெரிந்த கெஜட்டட் அதிகாரி ஒருவரின் கையெழுத்து ஆகியவை வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு மாதத்துக்குப் பிறகு போலீஸ் விசாரணை வந்தது. கான்ஸ்டபிள் மிக மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சைக்கிள் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அரைமணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. இரண்டு நாள் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். விசாரணை வரும் என்று அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பாஸ்போர்ட் வந்தபின் விசா. அதற்குச் சென்னையில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். கொழும்பிலிருந்து மைத்துனர் அனுப்பிய அழைப்புக் கடிதம், திரும்பி வருவதற்கான அத்தாட்சி, புகைப்படங்கள் இவற்றைக் கேட்டார்கள். என்ன காரியமாகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, "தங்கையைப் பார்க்க" என்று எழுதினேன். புற்றுமண்ணையும் எழுத வேண்டுமோ என்று சிறிது நேரம் பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். எழுதாமலே கொடுத்துவிட்டேன். ஒரு மாத விசா மறுநாளே கிடைத்தது.

காலரா ஊசியைக் கப்பலுக்குக் குறைந்தது ஆறு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றுப் புத்தகத்தில் டாக்டர் கையெழுத்து மட்டும் போதாது, சுகாதார முத்திரையும் இருக்க வேண்டும். பெரியம்மை ஒழிந்துவிட்டதால் அந்த ஊசியை இப்போது கேட்பதில்லை. எனக்கு இரண்டு நாள் கை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. அது எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முதல்நாள் கோயிலில் அரைப்படி புற்றுமண் வாங்கினேன். வீட்டில் மெல்லிய துணியில் சலித்து, மூடி இறுகிய தகர டப்பாவில் போட்டேன். சலித்த மண் வெளிறிய சந்தன நிறமாக இருக்கும். காலை ஐந்தரை மணிக்கு மதுரை பஸ். கட்டணம் ஒன்பது ரூபாய். மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் மூட வேண்டாம், பார்க்க வேண்டிய காட்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது நானும் பார்த்தேன், பாதி தூரம் வரை.

அந்த ரயிலில்தான் மைதீன் பழக்கமானார். கடையநல்லூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், கைத்தறி லுங்கி வியாபாரம். கொழும்பில் அவருடைய அண்ணன் கடை வைத்திருப்பதால் வருஷத்துக்கு இரண்டு முறை போய்வருகிறவர். கையில் கடிகாரத்தைப் பார்ப்பதும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்த என்னை அவரே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ராமேஸ்வரத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு அறை பிடித்துக் கொடுத்ததும், காலையில் எந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்று காட்டியதும் அவர்தான். முதலில் சுகாதாரச் சான்று, அடுத்து பாஸ்போர்ட், கடைசியாகச் சுங்கம். காலை ஏழு மணிக்குப் போய் நின்றால்தான் மதியத்துக்குள் கப்பல் ஏறலாம். வாரத்துக்கு மூன்று நாள்தான் கப்பல். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நம் பக்கத்துச் சுங்கத்தில் என் டப்பாவைத் திறந்து பார்த்த அதிகாரி, "சங்கரன்கோவிலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூடிக் கொடுத்தார்.

கடல் அமைதியாக இருந்தது. மூன்று மணி நேரப் பயணம். பாதி வழியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மும்மொழியில் இருந்தது. அதில் செடி, விதை, மண் இவற்றுள் ஏதேனும் கொண்டுவருகிறீர்களா என்று ஒரு கேள்வி. அதை இரண்டு முறை படித்தேன். ஆம் என்று குறித்து, எதிரில் "மண், அரைப்படி" என்று எழுதினேன்.

பக்கத்திலிருந்த மைதீன் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மண்ணுன்னா எழுதுதிய? திருநூறுன்னு எழுதிட்டுப் போவியளா, அத விட்டுட்டு. பாத்தா அப்படித்தான இருக்கு. எவனும் நக்கியா பாக்கப் போறான்?"

"நக்கிப் பார்த்தால்?" என்றேன்.

"பாத்தான்னா அவனுக்கும் சொகமாப் போவும்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது நல்லெண்ணத்தோடுதான். எழுதியதை அடிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை, அடித்தால் அதையும் ஏன் என்று கேட்பார்களே.

தலைமன்னாரில் பாஸ்போர்ட் வரிசை சீக்கிரம் முடிந்தது. அழைப்புக் கடிதத்தைப் பார்த்து, எத்தனை நாள் தங்குவேன் என்று கேட்டு முத்திரை குத்தினார்கள். சுங்கத்தில் இருந்தவர் தமிழர். படிவத்தை ஒரு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மண் எண்டு எழுதியிருக்கிறியள், ஐயா. எங்களிட்ட மண் இல்லையெண்டோ கொண்டு வாறியள்?"

கோயில் மண் என்றும் தங்கைக்கு வைத்தியத்துக்கு என்றும் சொன்னேன். எழுதாமல் வந்திருந்தால் தன் கண்ணில் பட்டிருக்காது, எழுதிவிட்டதால் தன்னால் விட முடியாது என்று வருத்தத்தோடு சொல்லி, டப்பாவைத் தனியே எடுத்து வைத்தார். தாவரப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்க்க வேண்டுமாம். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

கொழும்பு ரயில் துறைமுகத்திலேயே நிற்கிறது. கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதை விட்டால் மறுநாள்தான். அங்கே தங்க விடுதி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மைதீனை முன்னால் போகச் சொன்னேன். அவர் மூட்டையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒங்கள இங்கன விட்டுட்டு நான் போயிருவேனாக்கும்? நாளைக்கு ஒங்க தங்கச்சி ஸ்டேசன்ல நின்னு எங்க அண்ணன் எங்கன்னு கேட்டா, மண்ணுக்குக் காவல் இருக்காருன்னா சொல்லச் சொல்லுதிய?"

அதிகாரி வந்தார். சிங்களவர், இளைஞர். ஆங்கிலத்தில் பேசினோம். எதற்கு என்று கேட்டார். பூசுவதற்கும் சிறிது உண்பதற்கும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, உண்பதற்கா என்று மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு விதியைச் சொன்னார். பச்சை மண்ணை உள்ளே விட முடியாது. டப்பாவை இங்கேயே விட்டுவிட்டு நான் ரயிலேறலாம். இல்லாவிட்டால் அவர் கண்ணெதிரில் அரைமணி நேரம் நன்றாகச் சூடாக்க வேண்டும். அதில் உயிருள்ளது எதுவும் மிஞ்சக் கூடாது. அப்படிச் செய்தால் அனுமதிச் சீட்டுத் தருவார்.

உயிருள்ளது எதுவும் மிஞ்சக் கூடாது என்றாரே, அங்கேதான் நான் தடுமாறிப்போனேன். புழு பூச்சி போகட்டும். அம்மன் சக்தி என்று கோமு எதை நம்பிக் கேட்டாளோ, அது வறுத்தால் இருக்குமா? சாஸ்திரம் தெரிந்த யாரையும் கேட்க அங்கே வழியில்லை. மைதீனைத்தான் பார்த்தேன்.

"சுட்டா என்ன கெட்டுப் போச்சு?" என்றார் அவர். "சுட்ட செங்கல்லுலதான நாங்க பள்ளிவாசல் கட்டுதோம். அதுல தொழுதா ஆகாதுன்னா இருக்கு? எந்திரிங்க அண்ணாச்சி, ரயிலு போயிரும்."

வறுக்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

துறைமுகத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது. சமையற்காரர் சூசை என்பவர், மன்னார்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை ஒழித்துக் கொடுத்தார். ஆனால் தயங்கி நின்றார். "தாச்சி ஒண்டுதான் கிடக்கு. அதிலதான் மீன் பொரிக்கிறது. உங்களுக்குச் சரி வராது, என்ன?" தாச்சி என்றால் அங்கே வாணலி. சரி வராதுதான். என் கையில் புளியோதரை கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதைக் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்து மண்ணைக் கொட்டினேன். சூசை கொடுத்த தேங்காய்ச் சிரட்டை அகப்பையால் நான் கிளறினேன். கை வலித்தபோது மைதீன் கிளறினார். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் ஏறியவர்களில் சிலர் இறங்கி வந்து, என்ன பலகாரம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நேரம் முடிந்ததும் அதிகாரி சீட்டு எழுதிக் கையெழுத்திட்டார். சூசை விறகுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. தன் பெண்சாதிக்குக் கழுத்தில் தேமல் இருக்கிறது, ஒரு சிட்டிகை கிடைக்குமா என்று கேட்டார். அனுமதிச் சீட்டில் என் சொந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருந்தது. நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்தேன். ரயில் ஊதியபோது நாங்கள் கடைசிப் பெட்டியில் ஏறியிருந்தோம். சூடான தூக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் கோமுவும் மைத்துனரும் வந்திருந்தார்கள். கோமு நரைத்துப்போயிருந்தாள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். மைதீன் அவளிடம், "இந்தாங்கம்மா, ஒங்க அண்ணாச்சிய முழுசா ஒப்படச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் மூட்டையோடு போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்க் குளித்ததும் மண்ணைத் தூக்கோடு கொடுத்தேன். கொடுக்கும்போதே வறுத்த விவரத்தையும் சொல்லிவிட்டேன். திருநீறு என்று எழுதியிருந்தால் வறுக்காமலே வந்திருக்கும், எனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை, பலன் குறைந்திருந்தால் அது என்னால்தான் என்றும் சொன்னேன்.

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "பெருங்காய வாசமுல்லா வருது" என்றாள். ஒரு சிட்டிகை வாயில் போட்டு, கொஞ்சத்தைத் தண்ணீரில் குழைத்துக் காலில் பூசிக்கொண்டாள். பிறகு சாவகாசமாகச் சொன்னாள்: "அண்ணே, திருநூறுன்னு சொல்லிக் கொண்டாந்திருந்தியன்னா எனக்குத் திருநூறுதான் வந்திருக்கும். நான் மண்ணுல்லா கேட்டேன்."

இருபது நாள் தங்கினேன். படை குறைந்ததா என்று கேட்பீர்கள். அரிப்பு நன்றாகக் குறைந்தது. அதே நாட்களில் மைத்துனர் வாங்கிவந்த புதுக் களிம்பையும் அவள் பூசினாள். எதனால் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ராத்திரி சொறியாமல் தூங்கினாள் என்பது மட்டும் நிச்சயம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாஸ்போர்ட், விசா, ஊசி எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு மாதம் ஒதுக்குங்கள். அழைப்புக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள், மூன்று இடத்தில் கேட்பார்கள். கொண்டுபோகும் பணத்துக்கு வரம்பு உண்டு, வங்கியில் விசாரியுங்கள். ரயில் கிளம்புவதற்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டுமானால் கப்பலிலிருந்து முதலில் இறங்குகிறவர்களோடு இறங்குங்கள். புற்றுமண் கொண்டுபோவதானால் மண்ணோடு ஒரு புதுப் பாத்திரமும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வறுத்துக் கொண்டுபோனால் ஒப்புக்கொள்வார்களா என்று அந்த அதிகாரியிடம் கேட்க மறந்துவிட்டேன். கண்ணெதிரில் என்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது பயமாகத்தான் இருக்கும். மண் என்றே எழுதுங்கள்.