மொழிபெயர்ப்பில் நான் சேர்த்தது

பருவநிலை மாற்றம் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். நிறைய வாசித்தவன் எதையும் நம்பியாக வேண்டியதில்லை என்று ஒரு வசதி உண்டு. ஞாயிறு பத்திரிகையில் ஒரு வாரம் விஞ்ஞானிகளையும் மறுவாரம் அரசாங்கத்தையும் கிண்டலடித்து, மாத்தளையில் ஓரளவு பெயரும் வாங்கியிருந்தேன்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூட்டம் வைத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. அதைப் பற்றிப் பேச வந்த அதிகாரிக்குச் சிங்களம் மட்டும்தான். தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொழுந்து நிறுத்துக் கொடுத்த களைப்போடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மழையின் போக்கு மாறிவிட்டது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டலாம், எந்த நாள் என்று சொல்ல முடியாது, அதனால் மழை பிடித்தால் உடனே பாடசாலைக்கு இறங்கிவிடுங்கள் என்றார் அதிகாரி. நேர்மையான பேச்சு. எனக்குச் சப்பென்றிருந்தது. முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். என்னைக் கெடுக்க அது போதும்.

“மழ மாறிப்போச்சாம். அரசாங்கம் மாறுது, கொள்க மாறுது, மழ மட்டும் சும்மா இருக்குமான்னு கேக்குறாரு,” என்றேன்.

காம்பரா குலுங்கியது. தன் பேச்சு எடுபட்டதென்று அதிகாரியும் சிரித்தார், பாவம்.

கொட்டாவி விட்டவள் எழுந்தாள். “சிரிப்பு இருக்கட்டும் சேர். மழ வந்தா நாங்க எறங்கணுமா, வேணாமா?”

அவர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். “எந்த நாளுன்னு அவருக்கே தெரியாதாம். பாய சுருட்டுங்க, விரிங்க, சுருட்டுங்க. நல்ல தேகப்பயிற்சி!”

அன்று என்னைத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மழை வந்தது. பக்கத்து லயத்தார் இறங்கினார்கள். அவள் வீட்டார் இறங்கவில்லை. பின்னேரம், சமையலறைச் சுவரோடு சரிவு உள்ளே வந்தது. அவள் புருஷனை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். வலது காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். குற்றவாளிகள் ஏன் எப்போதும் ஆப்பிளே வாங்குகிறார்களோ, தெரியவில்லை. வாசலில் அவள் நின்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“பாய சுருட்டுவோமான்னு வீட்டுக்காரர கேட்டேன் சேர். தேகப்பயிற்சி வேணாம்டின்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன்.”

அந்த ஞாயிறு, பாதுகாப்பான காணி கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும் கொள்கையை வெளுத்து வாங்கினேன். எழுதியதெல்லாம் உண்மை. என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பலர் பாராட்டினார்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலையில் மறுபடியும் கூட்டம். அதே அதிகாரி. சனங்களுக்கு என்னைப் பிடிக்கும் என்று அவரே கேட்டு அழைத்திருந்தார். மீதமுள்ள லயங்களுக்கு யாரும் திரும்பிப் போகக்கூடாது என்றார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து அவள் கேட்டாள். “இது அவரு சொன்னதா சேர், நீங்க போட்டதா?”

“அவர் சொன்னதுதாம்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைத் தாண்டி அதிகாரியிடம் போய், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அதையே மறுபடியும் கேட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மற்றப் பெண்களும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன்.