மாமாவின் ஒரே பாவம்

எங்கள் பங்குச் சாமியாருக்குக் காது மந்தம். பாவசங்கீர்த்தனத்தில் நம் பாவத்தை மெதுவாகச் சொன்னால் "என்னது?" என்பார். உரக்கச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும். ஆகவே கொஞ்சம் கனமான பாவம் வைத்திருந்த பெரியவர்கள் கோட்டுச்சேரிக்கோ திருமலைராயன்பட்டினத்துக்கோ பஸ் ஏறிப்போய் வேறு சாமியாரிடம் சொல்லிவிட்டு, வருகிற வழியில் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் காரைக்காலில் எங்கள் கோயில் வரிசையில் நின்றது, பூசையில் முதல்முறையாக நன்மை அப்பம் வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற பிள்ளைகளும் என் மாமாவும்தான்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். கோயில்பிள்ளை வேலை. கோயிலைப் பெருக்குவது, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்புகளை எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். மணி அடிப்பதை மட்டும் அவர் விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அதை யாராவது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தாறுமாறாக இழுத்துவிட்டுப் போவான்.

மாமாவிடம் ஒரே ஒரு பாவம்தான் இருந்தது. வாராவாரம் அதையே கொண்டுவந்தார். வரிசையில் எங்களுக்கு அது மனப்பாடம்.

"சாமி, அந்தச் சாவு மணி அடிச்ச பாவம்..."

"ஏம்ப்பா, அதைத்தான் போன வாரமே மன்னிச்சாச்சே! ஆண்டவரே அதை மறந்துட்டாரு. நீ எதுக்கு வாராவாரம் அவருக்கு ஞாபகப்படுத்துற?"

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். மன்னித்தாகிவிட்டது என்றால் தீர்ந்தது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குப் புரிந்த அந்தச் சின்ன விஷயம் இவ்வளவு வயதான மாமாவுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்கு அவர்மேல் எரிச்சலாகக்கூட இருந்தது.

நடந்தது இதுதான். நான் கைக்குழந்தையாக இருந்த சமயம். ஐப்பசி மழையில் கடலுக்குப் போன போட் ஒன்று திரும்பவில்லை. அதில் போனவர்களில் ஒருவர் எங்கள் கோயில்காரர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போலகம் பக்கத்துக் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது, அவருடைய நீலச் சட்டைதான் போட்டிருக்கிறது என்று சைக்கிளில் வந்த யாரோ கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார்கள். சாவு மணி என்றால் வீட்டுக்காரர்கள் வந்து சொல்ல வேண்டும், பிறகு சாமியார் உத்தரவு கொடுக்க வேண்டும். ஆனால் ஊரில் எந்தச் சேதியும் தன் வாயால்தான் முதலில் வெளியே வர வேண்டும் என்று மாமாவுக்கு ஓர் ஆசை. விழுந்தடித்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். ஓர் அடி. ஓசை அடங்கும்வரை நிறுத்தி, மறுபடி ஓர் அடி. யாருக்கு மணி என்று கேட்டவர்களிடம் பெயரையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அந்த மனிதர் நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வேறொரு போட் அவரைத் தூக்கிக் கரை சேர்த்திருந்தது. ஒதுங்கியது யாரோ எவரோ. அதற்குள் வீட்டில் அவர் மனைவியின் வளையலை உடைத்துத் தாலியையும் கழற்றியிருந்தார்கள். பிற்பாடு மனிதர் சிரித்துக்கொண்டே கோயிலில் வைத்து இன்னொரு தாலி கட்டினார். "ரெண்டு கல்யாணம் பண்ணியும் அதே பொண்டாட்டிதான் வாய்ச்சா" என்று மாமாவின் தோளில் கைபோட்டுக் கேலி பேசவும் செய்தார். ஆனால் அவர் மனைவி, அந்த அக்கா, அப்போது ஏழு மாதக் கர்ப்பம். மணி அடித்த அன்று ராத்திரியே வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் மாமாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் திரும்பிவிடுவாள்.

நான் நன்மை வாங்கவிருந்த வருஷம்தான் அவளுக்கு மறுபடி பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாமா வழக்கம்போலத் தன் பாவத்தோடு வந்து முழங்கால் போட்டார். சாமியார் இந்த முறை அவரைத் திட்டவில்லை.

"உனக்கு இந்த வாட்டி ஜெபம் கிடையாது. நாளைக்குப் பூசை முடிஞ்சு ஞானஸ்நானம் இருக்கு. மணி நீதான் அடிக்கணும். அதான் உனக்கு அபராதம்."

"சாமி, அந்தப் பொண்ணு..."

"என்னது?"

"அந்தப் பொண்ணு என்னைப் பாத்தாலே தாங்காது சாமி!"

"அதை ஆண்டவர் பாத்துப்பாரு. நீ கயித்தைப் பிடி."

வரிசையில் இருந்தது நாங்கள். கேட்க வேண்டுமா? விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா "ரசம் ஊத்தவா?" என்றாள். என்னைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் சர்க்கரை தின்றதற்கு எனக்கு ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லும்படி அபராதம். மாமாவுக்கு மட்டும் மணி அடிக்கிற விளையாட்டா?

மறுநாள் பூசைக்கு அவ்வளவு கூட்டம். ஞானஸ்நானத்துக்காக வந்தவர்கள் பாதி, மாமாவைப் பார்க்க வந்தவர்கள் பாதி. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்று. எல்லோரும் காத்திருந்தோம். மணி கேட்கவில்லை. நான் நைசாக நழுவி மணிக்கூண்டுக்கு ஓடினேன். மாமா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும், எப்படியோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

டாங்.

அவ்வளவுதான். அந்த ஓர் அடியோடு கை நின்றுவிட்டது. ஞானஸ்நானத்துக்கு நிறுத்தாமல் கலகலவென்று அடிக்க வேண்டும். அடித்து நிறுத்தினால் அது சாவு மணி. அந்த ஓசை நீண்டு, தேய்ந்து, அடங்கிக்கொண்டே போனது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாமாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

செருப்பில்லாத காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அந்த அக்காதான். பிள்ளையை என் கையில் திணித்தாள். மாமாவை அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் நேரே வந்து மாமாவின் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தாள்.

"நிறுத்தாதீங்கண்ணே! நிறுத்துனா சாவு மணியாயிடும். இழுங்க."

"ஆத்தா, என்னால..."

"என் புள்ளைக்குண்ணே. இழுங்கன்னா!"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள். மாமாவின் கை நிற்கவில்லை. மணிக்கூண்டுப் புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. மாமா அழுதுகொண்டே அடித்தார், பிறகு சிரித்துக்கொண்டே அடித்தார். போதும் என்று சாமியார் வாசலில் நின்று கையை ஆட்டியும் விடவில்லை. கையில் பிள்ளை வீல் வீலென்று கத்த, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அபூர்வம்.

அடுத்த சனிக்கிழமையும் மாமா எனக்கு முன்னால்தான் முழங்கால் போட்டார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"சாமி, பூசைக்கு வச்சிருந்த திராட்சரசத்துல ஒரு வாய் குடிச்சிட்டேன்."

"என்னது?"

மாமா இன்னும் உரக்கச் சொன்னார். சாமியார் சிரித்த சிரிப்பு கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு திருட்டுக்குச் சாமியார் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஞானஸ்நானம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்காத இன்னொன்றும் உண்டு. மாமா மணி அடித்து முடிக்கும்வரை அந்த அக்கா என்னிடமிருந்து பிள்ளையை வாங்கவே இல்லை. மணிக்கூண்டுச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி அடிவரை கேட்டபடி நின்றாள். பச்சைப் பிள்ளைக்காரி, ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டிருக்கும், பாவம், நின்றபடியே தூங்குகிறாள் என்று நினைத்து, நான் பிள்ளையைச் சத்தம் போடாதே என்று அதட்டினேன்.