கூரைக்குப் போன போஸ்டர்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. நான் பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு படிக்கிறேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் ஈரமும் பிள்ளைகளின் இருமலும்தான் என் ஆராய்ச்சி. அதைப் பெரிய ஃபிளெக்ஸ் போஸ்டராக அச்சடித்து, நடுவர்கள் முன் மூன்று நிமிடம் பேசினால்தான் புள்ளி. ஒத்திகை பார்க்கப் போஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பேச வேண்டிய நாள் விடிந்தபோது அதைக் காணோம்.

"அப்பா, இங்க சுருட்டி வச்சிருந்த போஸ்டர் எங்க?"

"மழைக்கு ஒழுகுச்சு புள்ள. பழைய எலக்சன் ஃபிளெக்ஸுன்னு நெனச்சு கூரையில விரிச்சிட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் லயத்தில் எல்லாக் கட்சித் தலைவர்களும் தகரத்தின் மேல் மல்லாந்துதான் கிடக்கிறார்கள்.

போஸ்டரை இறக்கித் துடைத்து, அவிசாவளை பஸ்ஸைப் பிடித்தேன். நடுவிலிருந்த துருக்கறை மட்டும் போகவில்லை.

நான் வாயைத் திறக்குமுன்பே நடுவர் அம்மா சிங்களத்தில், "இது என்ன கறை?" என்றார். மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் அத்தனையும் பறந்துவிட்டது. நானும் சிங்களத்திலேயே உண்மையைக் கொட்டினேன்.

"எங்கள் கூரைத் தகரத்தின் துரு, மேடம். நேற்று மழையில் இந்தப் போஸ்டர்தான் எங்களை நனையாமல் காப்பாற்றியது."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கம் கேட்டார். நல்ல புள்ளியும் போட்டார்.

இப்போது நான் பேச்சை மனப்பாடம் செய்வதில்லை. போஸ்டரையும் காகிதத்தில்தான் அச்சடிக்கிறேன். பழையது மறுபடியும் கூரைக்கே போய்விட்டது. அப்பாவுக்குத்தான் இன்னும் திருப்தியில்லை.

"அடுத்த ஆராய்ச்சிய கொஞ்சம் பெருசா செய் புள்ள. அடுப்படிப் பக்கமும் ஒழுகுது."