தோளுக்கும் பேரம் பேசிய ஜலஜாக்ஷி

கடலோரப் போளூரின் ஜலஜாக்ஷி சாலியான் இருபத்தெட்டு ஆண்டுகள் கத்ரி மேட்டு வீடுகளுக்கு மீன்கூடையைத் தலையில் சுமந்தவர். கூடையின் விளிம்பைப் பிடிக்கும் வலக்கை, பிப்ரவரி முதல் காதுக்கு மேல் எழவில்லை. மேற்குக் கடற்கரையின் மழைக்காலத் தடையால் ஜூனிலும் ஜூலையிலும் படகுகள் கடலுக்குப் போகா. ஆகஸ்டில் கூடை தலையேறாவிட்டால், அந்த வீடுகள் வேறொருத்தியின் கைக்குப் போய்விடும். தோள் இறுகிவிட்டது என்று சொன்ன எலும்பு மருத்துவர், கத்ரியில் பிசியோதெரபி நடத்தும் வில்மா லோபோவிடம் அனுப்பினார்.

ஜூன் மூன்றாம் தேதி, முழங்கை வரை இறுகிய பட்டு ரவிக்கையும் கை நிறைய வளையலுமாக ஜலஜாக்ஷி போய் நின்றார்.

"அக்கா, இந்த ரவிக்கையோட தோளை நான் எப்படிப் பார்க்கிறது? அடுத்த தடவை தொளதொளன்னு ஒண்ணு போட்டுட்டு வாங்க. பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் கையோட கொண்டு வாங்க."

"மீன் வாசம் அடிக்குமேன்னு, இருக்கிறதுலயே நல்லதா உடுத்திட்டு வந்தேன் டாக்டரம்மா."

"வாசத்துக்கா வைத்தியம் பண்றேன்? எங்க வலிக்குது, சொல்லுங்க."

"வலியா? எனக்கா?"

வில்மா அவருடைய வலக்கையை மெல்ல உயர்த்தினார். ஜலஜாக்ஷியின் கண் நிறைந்தது; அப்போதும் இல்லையென்றே தலையாட்டினார். சுவரில் விரல்களை ஊர்ந்தேற்றும் பயிற்சியைக் காட்டி, விரல் நின்ற இடத்தில் வில்மா பென்சிலால் கோடிட்டார்.

"வாரத்துல ரெண்டு நாள்தான் நான். மிச்ச நாள் வீட்டுல நீங்கதான் செய்யணும். பத்துப் பத்தா மூணு வேளை."

"ஆறு."

"என்னது?"

"ஆறு வெச்சுக்குங்க, ரெண்டு வேளை. முதல் தடவை வந்திருக்கேன், பார்த்துச் சொல்லுங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் வில்மா விட்டுக்கொடுத்தார். இரண்டு வாரமாகியும் விரல் கோட்டைத் தாண்டவில்லை.

"உண்மையச் சொல்லுங்க அக்கா. எத்தனை செஞ்சீங்க?"

"நாலு."

"ஆறுன்னுதானே பேசினோம்? பேசின மீன்ல ஒண்ணு குறைச்சுக் கொடுத்திருக்கீங்களா எப்பவாவது?"

ஜலஜாக்ஷியின் முகம் சிவந்தது. "யாரைப் பார்த்துக் கேட்கிறீங்க? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு மத்தி குறைஞ்சதில்ல!"

"அப்போ உங்க தோளுக்கு மட்டும் ஏன் குறையுது?"

ஜலஜாக்ஷி அந்தப் பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"பத்து. மூணு வேளை. எழுதிக்குங்க, இனிப் பேச்சில்ல," என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "இங்கதான் வலிக்குது. இந்தப் பக்கம் படுக்கவே முடியல," என்று தோளைத் தொட்டுக் காட்டினார். அதைக் கேட்ட பிறகே வில்மா சில பயிற்சிகளை மாற்றினார். படுக்கையில் கைக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வேளையும் தவறவில்லை. போளூர் வீட்டுச் சுவரில் விரல் தடங்கள் வாரந்தோறும் ஏறின. ஜூலை முடிவதற்குள் அவை கதவு நிலையைத் தாண்டியிருந்தன.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், தலையில் நிறைகூடையோடு ஜலஜாக்ஷி கத்ரி மேடேறினார். வில்மாவின் சன்னலைக் கடக்கும்போது உள்ளே ஒரு புதியவரின் குரல் கேட்டது.

"பத்தா? அஞ்சு போதாதா டாக்டர்?"

ஜலஜாக்ஷி நின்றார். இடக்கை இடுப்பில் இருந்தது. வலக்கை கூடை விளிம்பை விட்டு அசையவில்லை.

"அண்ணா! அங்க பேரம் கிடையாது. பேரம் பேசணும்னா வெளிய வாங்க, என்கிட்ட பேசுங்க!"