வெற்றுக் காணி அல்ல அது

காலைத் தேநீரைக் கையில் எடுத்தபோது தொலைபேசி ஒலித்தது. புவனேஸ்வரியின் தங்கை. "நானா, அக்கா போயிட்டாங்க" என்றார். அண்ணன் என்ற பொருளில், அக்காவைப் போலவே அவரும் என்னை 'நானா' என்பார். மடவளையிலிருந்து பஸ் பிடித்து நான் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பழைய அலுவலக நண்பர்கள் அவரை 'அமைதியானவர்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரை நினைவுகூர இங்கே கூடியிருக்கும் உங்களிடம் சொல்கிறேன்: அது பொய். அவர் சண்டைக்காரி. அப்படித்தான் அவரை நினைக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் திட்டமிடல் அலுவலகத்தில் படவரைஞர்கள். கண்டி நகரத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் காணி, தண்ணீர், வீதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டம் தயாரான காலம். தெல்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவொன்றில், நகரத்துக்கான தண்ணீர்த் தாங்கியும் அதற்கொரு வீதியும் வரவிருந்தன. வரைபடத்தில் அந்தச் சரிவு 'வெற்றுக் காணி'. அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான இரண்டு லயன்கள் இருப்பது புவனேஸ்வரிக்குத் தெரியும். ஒன்றில்தான் அவருடைய அத்தை வாழ்ந்து செத்தார். இரண்டையும் படத்தில் வரைந்துவிட்டார்.

"அது தோட்டத்துக் கட்டடம். குடியிருப்பில் சேராது" என்றார் மேலதிகாரி.

"உள்ள அடுப்பு எரியுதுங்களே சேர். பின்ன அது வீடு இல்லையா?"

அதிகாரி படத்தை எடுத்து லயன்களை அழிக்கச் சொல்லி என் மேசையில் வைத்தார். நான் அழித்தேன். பதவி உயர்வுக்குக் காத்திருந்தேன். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

புவனேஸ்வரி வந்து பார்த்தார். "அழிச்சிட்டீங்க. சரி. சனிக்கிழமை எங்கூட வாங்க நானா, அழிச்ச எடத்தப் பாத்துட்டு வருவோம்."

போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் வெகுதூரம் ஏறினோம். மலைத் தண்ணீர் வடியும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்குப் பாலில்லாத சாயத் தேநீர் போட்டுக் கொடுத்தார். திட்டத்தைக் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "டவுனுக்குப் போற தண்ணியில எங்களுக்கும் ஒரு பைப்பு தருவாங்களா ஐயா?" வீடே போகப்போகிறது என்பதை அவரிடம் புவனேஸ்வரிதான் சொன்னார். 

ஆட்சேபனை கேட்கும் கூட்டத்துக்கு அந்த லயன்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அதிகாரிகளின் வரிசையில் புவனேஸ்வரிக்குக் கதிரை போட்டிருந்தது. அவர் அதில் உட்காராமல், அந்த மக்களோடு போய் நின்றார். "நீங்கள் அரசாங்க ஊழியர்" என்று ஒருவர் எச்சரித்தார். "ஆமாங்க. இவங்களும் அரசாங்கத்துக்கு உட்பட்ட ஆளுங்கதான்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து, லயன்களை அழித்தது நான்தான் என்று சொன்னேன்.  

தாங்கிக்கான இடம் சரிவின் மேலே நகர்ந்தது. லயன்கள் தப்பின, வாசலுக்குக் குழாயும் வந்தது. புவனேஸ்வரியைத் தூரத்து மாவட்டமொன்றுக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு வரவேயில்லை. அவர் லயன்களுக்குக் கேட்ட பஸ் இன்றுவரை ஓடவில்லை. அதற்காக அவர் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "பதில் போடாட்டி போகட்டும். எழுதுனத வாசிச்சுத்தானே ஆகணும்" என்பார்.

இப்போது கண்டியைச் சுற்றி மறுபடியும் புதிய வீதிகளை வரைகிறார்கள். ஓய்வுபெற்ற கிழவனுக்கு அந்தக் கூட்டங்களில் என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். கூப்பிடாத கூட்டத்துக்கும் போய், முன்வரிசையில் நின்று, "இந்தக் கோடு யார் தலைக்கு மேலால் போகிறது?" என்று கேட்கும் வெட்கங்கெட்ட தைரியம், அதுதான் அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனது. வரும் வாரமும் ஒரு கூட்டம் இருக்கிறது. போகிறேன்.