கேட்கத் தெரியாத லிங்க் சார்

கம்ப்யூட்டர் திரையில் கம்பெனியின் பெயர் எங்கே வருகிறதோ, அங்கே அம்பைக் கொண்டுபோய் வைத்து ஒரு தட்டு தட்டுவார். ஒன்றும் நடக்காது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தட்டு. அப்போதும் ஒன்றும் நடக்காது. "பேரு மட்டும்தான் இருக்கு, வழி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நோட்டில் ஒரு வரி எழுதுவார். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை இதே தட்டல், இதே முணுமுணுப்பு. ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் லிங்க் சார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருப்பதாகக் கேள்வி.

அவர் வேலை பார்க்கும் கம்பெனி நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர் எல்லாம் செய்கிறது. எங்கோ ஒருவர் தன் இணையப் பக்கத்தில் 'இந்தக் கம்பெனி வாக்கர் நல்லா உழைக்குது' என்று எழுதுகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் பெயரைத் தட்டினால் கம்பெனியின் பக்கத்துக்குப் போகிற மாதிரி லிங்க் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, 'ஐயா, ஒரு லிங்க் போடுங்களேன்' என்று மெயில் எழுதிக் கேட்பதுதான் லிங்க் சாரின் வேலை. லிங்க் கூடக்கூட, வாக்கர் தேடுகிறவர்களின் கண்ணில் கம்பெனி முதலில் படும். ஏற்கெனவே நம்மைப் பாராட்டிய மனிதரிடமே போய் இன்னும் கொஞ்சம் கேட்பது என்றால் சும்மாவா? தோல் தடித்தவர்களுக்குத்தான் சரிப்படும்.

கூத்து என்னவென்றால், இவரைப் போல ஒரு கூச்சக்காரரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. பஸ்ஸில் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் நடந்து திரும்பி வருவார். முடி வெட்டுகிறவர் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி வைத்தாலும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று எழுந்து வருவார். பரணில் ஏற ஏணி வேண்டும், பக்கத்து வீட்டில் இருக்கிறது, கேட்க மாட்டார். நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் தினம் நாப்பது பேர்கிட்ட கேக்கறீங்க. அடுத்த வீட்டுல ஒரு ஏணி கேக்க மாட்டீங்களா?" என்று மனைவி தைலம் தேய்த்தபடி கேட்டாள்.

"மெயில்ல என் மூஞ்சி தெரியாதுல்ல" என்றார்.

எழுத்தில் மனிதர் கெட்டிக்காரர். 'தங்களுக்குத் தோதுப்பட்டால்' என்று ஒரு வார்த்தை போடுவார் பாருங்கள், கல்லும் கரைந்துவிடும். பதில் வராவிட்டால் எட்டாம் நாள் இன்னொரு மெயில். 'முந்தைய மடல் தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்' என்று பழியைத் தூக்கி மெயில் மேலேயே போட்டுவிடுவார். மூன்றாவது மெயில் கிடையாது. மாட்டேன் என்று சொன்னவருக்கும் நன்றி எழுதுவார். ஒரே ஒரு குறுக்குவழி மட்டும் வைத்திருந்தார். கம்பெனி பெயருக்கு மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி, அவ்வளவுதான் படிப்பார். நாற்பது பக்கத்தையும் முழுசாகப் படித்தால் எப்போது வீட்டுக்குப் போவது? ஆனாலும் எல்லா மெயிலிலும் 'தங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் முழுமையாகப் படித்தேன்' என்று கூசாமல் எழுதுவார்.

கேட்கத் தெரியாததால் அவர் இழந்தது ஏணி மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கூடப் பிறந்த அக்காவையே இழந்து நின்றார்.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தாள். பகலில் மனைவி பார்த்துக்கொண்டாள், ராத்திரி முழுக்க இவர்தான். அக்கா வேறு ஊரில் நர்ஸ். வாரம் ஒரு முறை போன் செய்து "அம்மா எப்படி இருக்காங்க?" என்பாள். "இருக்காங்க" என்பார் இவர். கூட வந்து இரு, என்னால் முடியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவளாக வருவாள் என்று இவர் காத்திருந்தார். தம்பி தன் கை வேண்டாம் என்று நினைக்கிறான் போலிருக்கிறது, கூப்பிடட்டும் என்று அவள் காத்திருந்தாள். அம்மா யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் வீடு நிறைய இருக்கும்போதே அக்கா வெடித்தாள். "அக்கா வான்னு ஒரே ஒரு வார்த்தை, வாயைத் தொறந்து கேட்டியாடா?"

"பெத்த தாயைப் பார்க்க வர்றதுக்குக் கூப்பிட்டு வேற அனுப்பணுமா?" என்று இவரும் கேட்டுவிட்டார். வாழ்க்கையில் அவர் யாரையும் நேருக்கு நேராகக் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதுவும் கேட்கக் கூடாத கேள்வி.

ஆறு வருடம் பேச்சு இல்லை. "ரெண்டு பேருக்கும் வயசு ஏறிட்டே போகுது, நீங்களே ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் போனை எடுப்பார், அக்கா நம்பர் வரைக்கும் போவார், கீழே வைத்துவிடுவார். "என்னன்னு கேக்கறது?" என்பார்.

அவருடைய பட்டியலில் பெரிய பெரிய இணையதளங்கள் மேலே இருக்கும், பத்துப் பேர் படிக்கிற பக்கங்கள் அடியில் கிடக்கும். போன மாதம்தான் மேலே இருந்தவை எல்லாம் தீர்ந்து அடிக்கு வந்து சேர்ந்தார். 'வீட்டு நர்ஸ்' என்று யாரோ நடத்தும் ஒரு பக்கம். மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி படித்தார். 'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் முழுமையாகப் படித்தேன்' என்று ஆரம்பித்து, தோதுப்பட்டால் எல்லாம் போட்டு, அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது.

'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, நீங்க கேட்ட லிங்க் போட்டாச்சு. முழுசாப் படிச்சேன்னு எழுதியிருக்கீங்க. பொய் சொல்லாதடா. படிச்சிருந்தா எனக்கு இப்படி ஒரு லெட்டர் போட்டிருக்க மாட்ட. போய்க் கடைசி வரைக்கும் படி. இப்படிக்கு, அம்மையீர்.'

அவரை 'டா' போட்டுப் பேசுகிற நர்ஸ் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தார். படுக்கையில் இருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், விரிப்பில் சுருக்கம் இருந்தால் என்ன ஆகும், எந்த வாக்கரைப் பிடித்து நிற்கப் பழக்கலாம் என்று அக்கா பொறுமையாக எழுதிக்கொண்டே போயிருந்தாள். கடைசிப் பத்தி இதுதான்:

'எங்கம்மா நாலு மாசம் படுக்கையில இருந்தாங்க. ராத்திரி ராத்திரியா என் தம்பிதான் தனியாளா முழிச்சிருந்து பார்த்துக்கிட்டான். கடைசியா அம்மாவைக் குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன். ஒரு புண் இல்ல. இருபத்தெட்டு வருஷமா நர்ஸா இருக்கேன், நாங்க நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கற ஆளுக்கே புண் வந்துடும். அன்னிக்கு இதை அவன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம சண்டை போட்டுட்டு வந்துட்டேன்.'

லிங்க் சார் அதை மூன்று முறை படித்தார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்த அந்த ராத்திரிகளை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் 'தங்கள் உதவிக்கு மிக்க' என்று பதில் அடிக்கத் தொடங்கினார். சே என்று அழித்தார். போனை எடுத்துக்கொண்டு, பழுதான சக்கர நாற்காலிகள் மடக்கிச் சாத்தியிருக்கும் மாடிப்படித் திருப்பத்துக்குப் போனார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லு."

இவர் ஒரு சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருன்னு தெரியுது. சொல்லு."

"படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"உன் கம்பெனி பேரை எங்க எழுதினாலும் மோப்பம் பிடிச்சு வந்து லிங்க் கேப்பியாமே, சித்தி சொன்னாங்க. அப்பவாவது நீ வருவியான்னு எழுதிப் பார்த்தேன். ஒண்ணு இல்ல, அஞ்சு கட்டுரை. வேணும்னே ஒண்ணுலயும் லிங்க் போடல. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஐயா வந்து சேர்ந்தாரு."

"சின்னப் பக்கமெல்லாம் லிஸ்ட்ல அடியில போயிடும்க்கா."

"ஆமாமா, அக்கான்னா அடியிலதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும், அவனாகவே கேட்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். "சரி, லிங்க்தான் போட்டாச்சே. இன்னும் என்ன வேணும்?" என்றாள்.

மேல் மாடியில் யாரோ கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எழுத்தில் ஆயிரம் பேரிடம் அலுங்காமல் கேட்டவருக்கு, வாயால் கேட்க வேண்டியிருந்தது இரண்டே வார்த்தைதான்.

"வீட்டுக்கு வாக்கா."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"நீ வரணும்க்கா. எனக்கு நீ வரணும்" என்றார் மறுபடியும்.

"வர்றேன்டா. ஞாயித்துக்கிழமை காலையிலேயே வந்துடறேன்." கொஞ்சம் பொறுத்து, "ஏன்டா சத்தத்தையே காணோம்? அழறியா?" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத அந்த மாடிப்படித் திருப்பத்தில் நின்று, லிங்க் சார் இல்லை இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.