கிளெமின் சிவப்பு மஃப்ளர்

போர்க்கைதி முகாமின் முள்வேலிக்குள் ஹெட்லியின் பிழைப்பு இவ்வளவுதான்: காலையும் மாலையும் ஜெர்மன்காரன் தலை எண்ண நிற்பது, நடுவில் தண்ணீராய் ஒரு டர்னிப் சூப். ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவன், பிறகு குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுட்டவன். இங்கே பன்னிரண்டு பேருக்கு ரொட்டி அறுக்கிறான். ஒரு துண்டு மெலிந்தாலும் அடிதடிதான். அவன் அறுத்தால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அவன் படுக்கைக்கு மேலே பலகையில் ஒரு கடிதம் குத்தியிருந்தது. கூடப் பறந்த லயனலின் மனைவி எட்னா எழுதியது. "எரியற விமானத்துலேர்ந்து லயனல் பாராசூட்டோட குதிச்சதைக் கண்ணால பாத்தேன்னு எழுதினீங்களே, அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். துக்கத்துக்குன்னு எடுத்துவெச்ச கறுப்பு உடுப்பைத் தூக்கி யாருக்கோ கொடுத்துட்டேன்."

உண்மையில் ஹெட்லி அதைப் பார்க்கவே இல்லை. ஆறுதலுக்கு அளந்து விட்டது. ஆனாலும் லயனல் உயிரோடிருப்பான் என்று மனசார நம்பினான். ஏனென்றால் எரிந்த விமானத்தருகே கிடந்தது ஒரே உடல், முகம் கரிந்து, கழுத்தில் சிவப்பு மஃப்ளரோடு. அந்த மஃப்ளர் கூடப் பறந்த இன்னொருவன், கிளெமுடையது. இருபத்திரண்டு தடவை பறந்தார்கள். அது கிளெமின் கழுத்தில் இல்லாமல் மற்றவர்கள் விமானத்தில் ஏற மாட்டார்கள். அப்படியொரு ராசி. செத்தது கிளெம் என்றே ஹெட்லி ஜெர்மன்காரனிடம் சொன்னான். புதைக்கவும் கைகொடுத்தான்.

அக்டோபரில் புதுக் கைதிகள் வந்தார்கள். தெரிந்தவன் ஒருவன் 'இவன் நம்ம ஆள்' என்று சொல்லும்வரை புதியவனிடம் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். நம் உடுப்பில் ஒற்றனை நுழைப்பது ஜெர்மன்காரனுக்குக் கைவந்த கலை. அடுப்புக்குக் கீழே தப்பிக்கத் தோண்டும் சுரங்கம் வேறு பாதியில் இருந்தது.

"பேரு?" என்றான் அறைத் தலைவன் மக்ரே.

"கிளெம் ஆர்மராட்."

மக்ரே சிரித்தான். "அந்தப் பேர்ல ஒருத்தன் செத்து அஞ்சு மாசமாச்சுப்பா. டேய் ஹெட்லி, நீ புதைச்ச பொணம் நடந்து வந்திருக்கு, வந்து பாரு!"

ரொட்டிக் கத்தியோடு வந்த ஹெட்லி அப்படியே நின்றுவிட்டான். எதிரே கைத்தடி ஊன்றிக்கொண்டு கிளெம்.

"என்னடா கண்டக்டர், இப்படி முழிக்கிற? நான் டிக்கெட் எடுக்கலையா? பாராசூட் மரத்துல மாட்டிக் கால் ஒடிஞ்சு போச்சுடா. அஞ்சு மாசமும் ஆஸ்பத்திரிதான்."

"இவன்தான்... ஐயோ, இவன் கிளெம்தான்!" ஹெட்லி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அறையே ஆர்ப்பரித்தது. யாரோ டீக்குத் தண்ணீர் வைத்தார்கள்.

கிளெமின் கண் படுக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது.

"லயனல் எங்கடா? என் மஃப்ளரைக் கொடுக்கச் சொல்லு. அன்னைக்கு அவனுக்குக் கைகால் வெடவெடன்னு நடுங்கிச்சு. மேல போனப்புறம் நான்தான் அவன் கழுத்துல கட்டிவிட்டேன். அம்மா பின்னினதுடா, குளிர் வேற வந்துடுச்சு."

ஹெட்லியின் கையிலிருந்து கத்தி விழுந்தது. எல்லாரும் பலகையில் இருந்த கடிதத்தையே பார்த்தார்கள். கிளெமும் போய்ப் படித்தான். படித்துவிட்டு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

கைதிகளுக்கு மாதாமாதம் எண்ணிக் கொடுக்கும் கடிதத்தாளில் கடைசியாக மிஞ்சியதை மக்ரே கொண்டுவந்து வைத்தான். ஹெட்லி 'அன்புள்ள எட்னா' என்று எழுதினான். பார்க்காததை நாலு பக்கம் எழுதத் தெரிந்த கைக்கு, பார்த்ததை எழுத ஒரு வரி வரவில்லை.